வைத்திலிங்கம் தொட்டிக் கடை

தம்பி, அந்தத் தொட்டியைக் கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்பி வெச்சுக்கறீங்களா? இல்ல இல்ல, இடிக்கல. இடம் தாராளமா இருக்கு. செடியும் நல்ல செடிதான். எனக்குத்தான் பூந்தொட்டியைப் பார்த்தா ஆகாது. அலர்ஜின்னு வெச்சுக்குங்க. தும்மல் வராது, வயித்தெரிச்சல் வரும்.

சிரிக்கிறீங்க. பங்காளியால கெட்டேன்னு ஒருத்தன் சொன்னா உச்சுக் கொட்டுவீங்க. குடிச்சுக் கெட்டேன்னா தலையாட்டுவீங்க. நான் பூந்தொட்டியால கெட்டவன், தம்பி. நீங்க புதுக்கோட்டை வரைக்கும்தானே? நானும் அங்கதான். பொண்ணு வீட்டுக்குப் போறேன். அப்ப சொல்லி முடிச்சுடலாம். இந்த டிரைவர் ஓட்டுறதைப் பார்த்தா ரெண்டு தடவை சொல்லலாம் போல இருக்கு.

என் பேரு வைத்திலிங்கம். கோ. வைத்திலிங்கம். கேள்விப்பட்டிருக்கீங்களா? இல்ல. அதான், இருக்க மாட்டீங்க. கதையே அதுதான்.

நான் திருச்சியில ஒரு தினசரிப் பேப்பர்ல உதவி ஆசிரியரா இருந்தவன். பேப்பர் பேரு வேண்டாம். அதுவும் இன்னும் வந்துக்கிட்டிருக்கு, எனக்குப் பென்ஷனும் வந்துக்கிட்டிருக்கு. அதுல ஆறாம் பக்கத்துல அடியில தினமும் ஒரு படம் வரும். மூணு கட்டம். சுந்து–ராஜம்னு புருஷன் பொண்டாட்டி. உங்களுக்கு நாப்பத்தஞ்சு வயசு இருக்குமா? அப்ப சின்ன வயசுல பார்த்திருக்கணுமே.

பார்த்திருக்கீங்களா? அட. பரவாயில்லையே. என்ன ஞாபகம் இருக்கு, சொல்லுங்க.

தொட்டி.

சரி. தொட்டியை விடுங்க. ஒரு வசனம் சொல்லுங்க. ஒரே ஒரு வசனம். யோசிச்சுச் சொல்லுங்க, அவசரமில்ல.

ஞாபகம் இல்ல. சரி. உங்களைச் சொல்லிக் குத்தமில்ல, தம்பி.

முதல்ல அந்தப் படம் எப்படி வந்துச்சுன்னு சொல்றேன். அதை இங்க யாரும் வரையல. அமெரிக்காவுல ஒருத்தன் உக்காந்து வரைவான். அவன்கிட்டேர்ந்து ஒரு கம்பெனி வாங்கி, உலகத்துல இருக்கிற பேப்பருக்கெல்லாம் வாடகைக்கு விடும். சிண்டிகேட்னு அதுக்குப் பேரு. பந்தல்காரன் நாற்காலி வாடகைக்கு விடறான்ல, அது மாதிரிதான். அதே நாற்காலி இன்னிக்குக் கல்யாண வீட்ல, நாளைக்குக் கருமாதி வீட்ல. அந்தக் காலத்துல அவங்க ஊர்ல ஒவ்வொரு பேப்பரும் தனக்குன்னு ஒரு ஆளை வெச்சு வரைஞ்சுக்கிட்டிருந்துச்சு. எவனோ ஒரு கெட்டிக்காரன், எதுக்கு இத்தனை பேருக்குச் சம்பளம், ஒருத்தன் வரையட்டும், எல்லா ஊருக்கும் நகல் அனுப்புவோம்னு கண்டுபிடிச்சான். அப்புறம் படம் மட்டுமா? கேள்வி பதில், குறுக்கெழுத்து, சமையல் குறிப்பு, எல்லாம் கட்டுக்கட்டா வர ஆரம்பிச்சுது. நியூயார்க்ல ஒரு அம்மா சொல்ற சமையலை மணப்பாறையில படிச்சாங்க. அவங்க ஓவன்ல வைன்னு எழுதியிருப்பாங்க. நான் குமுட்டி அடுப்புன்னு போடுவேன். யாருக்கும் ஒண்ணும் ஆகல.

எங்களுக்குப் பம்பாய் ஏஜென்ஸியிலேர்ந்து ஒரு மாசத்துப் படம் மொத்தமா தபால்ல வரும். அதுல சுந்து கிடையாது, ராஜம் கிடையாது. ஹெர்பியும் டோரத்தியும்தான். சுந்து–ராஜம்னு பேரு வெச்சவன் நான். பேரு மட்டுமா வெச்சேன்? உயிரே நான்தான் கொடுத்தேன். அங்க ஆறு மாசம் பனி கொட்டும் தம்பி. ஹெர்பி மண்வெட்டியை எடுத்து வாசல்ல பனியை அள்ளுவான். திருச்சியில பனின்னா யாருக்குத் தெரியும்? நான் என்ன பண்ணினேன், சுந்து உப்பு வியாபாரம் பண்றான்னு ஆக்கிட்டேன். வாசல் பூரா உப்பு. தூத்துக்குடியிலேர்ந்து ஒருத்தர் மூட்டை என்ன விலைன்னு கேட்டு எழுதியிருந்தார். பனியில பொம்மை செஞ்சு தொப்பி வெப்பாங்க, அதைத் திருஷ்டி பொம்மைன்னேன். கிறிஸ்துமஸ் மரத்தைச் சவுக்குன்னேன். தமிழ்ப்படுத்தறதுன்னா இதுதான். இப்ப எவனுக்குத் தெரியுது?

வசனம் அதைவிட. வெள்ளைக்காரன் என்ன எழுதியிருப்பான்? ‘ஓ நோ.’ அவ்வளவுதான். காப்பி கொட்டிடும், ‘ஓ நோ’ம்பான். இதுக்கு ஒரு எழுத்தாளன் எதுக்கு? நான் எழுதுவேன்: ‘ஐயகோ ராஜம், விதியின் கரங்கள் என் காலைப் பொழுதின் கோப்பையைக் கவிழ்த்தனவே, இனி எதைப் பருகி எங்ஙனம் அலுவலகம் ஏகுவேன்.’ எப்படி? பஸ் சத்தத்துல சரியா கேட்டுச்சா? இன்னொரு தடவை சொல்லவா?

சரி, வேண்டாம்.

அதைக் கையால எழுதறதுக்கு ஒரு ஆர்ட்டிஸ்ட் இருந்தார். சூசைராஜ்னு பேரு. அதுக்கு முந்தி கல்யாண வீட்டுக்கு போர்டு எழுதிட்டிருந்தவர். கட்டத்துக்குள்ள பேசறவன் வாய்கிட்ட ஒரு பலூன் மாதிரி இருக்கும்ல, அதுல இருக்கிற இங்கிலீஷை வெள்ளை மையால அழிச்சுட்டு என் தமிழை எழுதணும். அதுதான் அவர் வேலை. தினமும் வந்து நிப்பார். “சார், பலூன்ல இடமில்ல சார்.”

“எழுத்தைச் சின்னதா எழுதுங்க சூசை.”

“இதுக்கு மேல சின்னதா எழுதினா எறும்பு ஊர்ற மாதிரி இருக்கும் சார்.”

“ஊரட்டும். ஒரு எழுத்துக் குறையக் கூடாது.”

எறும்பு மாதிரிதான் எழுதுவார். ஒண்ணும் சொல்றதுக்கில்ல, குறைக்க மாட்டார். லால்குடியில ஒரு வாசகர் பூதக்கண்ணாடி வாங்கி வெச்சுப் படிக்கிறேன்னு எழுதியிருந்தார். அவ்வளவு ஆர்வம் பாருங்க.

இதுல எனக்கு ஒரே ஒரு ஆசை தம்பி. படத்துல ஒரு மூலையில அந்த அமெரிக்காக்காரன் கையெழுத்து தினமும் வரும். அதை அழிக்கக் கூடாதுன்னு ஒப்பந்தம். அதுக்குக் கீழ ஒரு வரி, ‘தமிழில்: கோ. வைத்திலிங்கம்’. ஒரே ஒரு வரி. கேட்டா தப்பா? என் மாமனார் ஊர்ல எல்லார்கிட்டயும் மாப்பிள்ளை பேப்பர்ல எழுதறார்னு சொல்லி வெச்சிருந்தார். ஒரு நாள் பேப்பரை எடுத்துக்கிட்டு நேரா வீட்டுக்கே வந்துட்டார். “இதுல ஏதோ வெள்ளைக்காரன் பேருல்ல போட்டிருக்கு?” என் சம்சாரம் கமலவேணி பக்கத்துல நின்னுக்கிட்டிருந்தா. மோர் கலக்க உள்ள போயிட்டா. எனக்கு எப்படி இருந்திருக்கும், நீங்களே சொல்லுங்க.

முதலாளிகிட்டப் போய் நின்னேன். நல்ல மனுஷன்தான், ஆனா பேருன்னா மட்டும் கை வராது. “வைத்தி, தபால்காரன் பேரைக் கடுதாசியில போடறாங்களா?”ன்னு கேட்டார். அப்புறம் வருஷா வருஷம் ஆயுத பூஜைக்குக் கேட்பேன். வருஷா வருஷம் சிரிப்பார்.

இப்பத் தொட்டிக்கு வரேன்.

எங்க முதலாளி வீட்ல ஒரு வழக்கம். மெஷின்லேர்ந்து வர்ற முதல் பேப்பரை ஓரத்துல மஞ்சள் தடவி, அவங்க வீட்டுப் பூஜை ரூம்ல முருகன் படத்துக்கு முன்னாடி வெச்சுடணும். அப்புறம்தான் கட்டு பஸ்ஸுக்குப் போகும். எவ்வளவு கொலை, கொள்ளைச் செய்தி இருந்தாலும் அதெல்லாம் முருகனுக்குப் பழகிப்போச்சு. அமெரிக்காக்காரன்தான் கெடுத்தான். அவனுக்கு ரெண்டாவது கல்யாணம் ஆச்சோ என்னமோ, திடீர்னு படத்துல முத்தம் ஜாஸ்தியாயிடுச்சு. ஒரு நாள் மடிப்பு மாறி ஆறாம் பக்கம் மேல வந்துடுச்சு. முதலாளியம்மா கற்பூரத் தட்டோட போறாங்க. முருகனுக்கு நேர் எதிர்ல சுந்து ராஜத்துக்கு முத்தம் கொடுத்துக்கிட்டிருக்கான். வாயில.

கூப்பிட்டு விட்டார் முதலாளி. நான் தைரியமாத்தான் போனேன், ஏன்னா என் மேல தப்பே கிடையாது. “ஐயா, நான் முத்தம்னு எழுதவே இல்ல. பலூனைப் படிங்க. ‘அத்தான், என் கண்ணில் தூசு வீழ்ந்ததே, மெல்ல ஊதிவிடுங்கள்’னுதான் இருக்கு. வசனப்படி பார்த்தா அங்க முத்தமே நடக்கல”ன்னேன்.

“அவளுக்கு வாயிலயா கண்ணு இருக்கு?”ன்னு கேட்டார். படிக்காதவங்ககிட்ட என்ன பேசறது?

படத்தை நிறுத்தவும் முடியாது. வருஷத்துக்கு முன்பணம் கட்டியாச்சு. நாங்க விட்டா மதுரைப் பேப்பர்க்காரன் எடுத்துக்குவான். கட்டத்தை வெட்டவும் கூடாது, ஒப்பந்தம். நான் யோசனை சொன்னேன்: ‘இது கண்ணில் தூசு ஊதும் காட்சி’ன்னு கீழே ஒரு அடிக்குறிப்பு போடலாம்னு. முதலாளி என்னைப் பார்க்கவே இல்ல. சூசைராஜைப் பார்த்தார். அவர் தலையைச் சொறிஞ்சுக்கிட்டு, “ஒரு பூந்தொட்டி வெச்சுடலாங்கய்யா. வீட்ல எங்க இருந்தாலும் யாரும் ஏன்னு கேட்க மாட்டாங்க”ன்னார்.

வெச்சார். ரெண்டு பேர் மூஞ்சிக்கும் குறுக்க ஒரு தொட்டி. அந்தரத்துல நிக்குது. நான்தான் பதறிப்போய் வசனத்தை மாத்தினேன், ‘உறியில் மலர் வைத்த உன் கைவண்ணம் வாழ்க’ன்னு.

அதோட நின்னுச்சா? ராஜம் கையில்லாத கவுன் போட்டா தோள்கிட்ட ஒரு தொட்டி. குட்டைப் பாவாடைன்னா முழங்கால்கிட்ட ரெண்டு தொட்டி. சுந்து பீர் குடிச்சா கிளாஸுக்கு மேல தொட்டி. அவன் தொட்டியைத் தூக்கிக் குடிக்கிற மாதிரி இருக்கும். ஒரு வாரம் பூரா கடற்கரைக்குப் போயிட்டாங்க. நீச்சல் உடுப்பு. மணல்ல வரிசையா தொட்டியா அடுக்கிட்டார் சூசைராஜ். நான் என்ன செய்வேன்? ‘கடலோர மலர்க் கண்காட்சி காண வந்தனம்’னு எழுதினேன். தொட்டி வெக்கிறது அவருக்குச் சுலபம். அதுக்கு அர்த்தம் கற்பிக்கிற கஷ்டம் என்னோடது. ஆனா பேரு யாருக்கு?

அதைத்தான் சொல்ல வரேன். அந்த ஆளு வெறுமனே தொட்டி வெச்சா சரி. அதுல செடி வெச்சார். திங்கக்கிழமை முளை விட்டா, வியாழக்கிழமை ரெண்டு இலை. அடுத்த வாரம் மொட்டு. ராஜமும் சுந்துவும் சண்டை போட்டா செடி வாடும். சமாதானமானா ஒரு பூ. முத்தம் இல்லாத நாள்லகூட வெக்க ஆரம்பிச்சுட்டார், ஜன்னல்ல, மாடிப்படியில. “எதுக்கு சூசை, இன்னிக்கு ஒண்ணும் ஆபாசம் இல்லையே”ன்னா, “நேத்து மொட்டு விட்டுச்சு சார், இன்னிக்குக் காணோம்னா பதறுவாங்க”ம்பார்.

பதறினாங்க. தபால் குவிஞ்சுது தம்பி. எனக்கு ஒரே சந்தோஷம், நம்ம தமிழுக்குக் கடைசியில மரியாதை வந்துடுச்சுன்னு. பிரிச்சுப் பார்க்கிறேன். ‘தொட்டிக்கு மூணு நாளா தண்ணி ஊத்தலையே?’ ‘அது செம்பருத்தியா, செவ்வரளியா? எங்க தெருவுல பந்தயம்.’ முசிறியிலேர்ந்து ஒரு அம்மா கவருக்குள்ள விதை வெச்சு அனுப்பியிருந்தாங்க. ஒரே ஒரு கடுதாசியில வசனத்தைப் பத்தி இருந்துச்சு. ‘கட்டத்தில் எழுத்தைக் குறைத்தால் தொட்டி இன்னும் நன்றாகத் தெரியும்.’ விமர்சனம்னு எடுத்துக்கிட்டு, வசனத்துல இன்னும் கொஞ்சம் சுவை கூட்டினேன்.

எவ்வளவுதான் பொறுக்கறது? ஒரு நாள் சுந்து வாயில எழுதிட்டேன்: ‘எங்கு நோக்கினும் தொட்டி, என் பேச்சைக் கேட்பாரில்லை, இப்பாழும் தொட்டியை உடைத்தெறிவேன்.’ அன்னிக்குப் பார்த்து அந்த வரியை எல்லாரும் படிச்சுட்டாங்க. எப்படிப் படிச்சாங்கன்னே தெரியல. ‘தொட்டியை உடைக்காதே’ன்னு கார்டு மேல கார்டு. பேப்பர் விற்பனை ஏறிடுச்சு. ஆயுத பூஜை அன்னிக்கு முதலாளி சூசைராஜுக்குச் சால்வை போர்த்தினார். எனக்கும் கொடுத்தாங்க, இல்லேங்கல. சுண்டல் பொட்டலம். மெஷின்காரங்க, சைக்கிள்காரங்க எல்லாருக்கும் கொடுத்தாங்க.

சூசைராஜ் அந்தச் சால்வையை மடிச்சு எடுத்துக்கிட்டு என் டேபிளுக்கு வந்தார். “சார், உங்க வசனத்துக்கும் சேர்த்துதான் இது”ன்னார். எவ்வளவு நக்கல் பாருங்க. நான் நிமிர்ந்துகூடப் பார்க்கல.

இது எந்த ஊர்? மாத்தூரா? இப்பத்தானா. டிரைவர் இறங்கித் தள்ளிக்கிட்டு வரார் போல.

அப்பத்தான் பம்பாயிலேர்ந்து ஏஜென்ஸி ஆள் வந்தார். மிஸ்டர் தலால். தெக்கத்திப் பேப்பரெல்லாம் சுத்திப் பார்க்க வந்தவர். ஆபீஸ்ல கோர்வையா இங்கிலீஷ் பேசத் தெரிஞ்சவன் நான் ஒருத்தன்தான், அதனால ஜங்ஷன்ல போய் அழைச்சுட்டு வந்து, லாட்ஜ்ல உக்கார வெச்சு, அவர் டிபன் சாப்பிடும்போதே விஷயத்தைச் சொல்லிட்டேன். நீங்க என்ன நினைச்சாலும் சரி, அது என் கடமை. ஒப்பந்தத்துல என்ன இருக்கு? படத்துல ஒரு கோடு கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது. இங்க ஒருத்தர் தோட்டமே போட்டுட்டார். கேட்பாரில்லையா? ஃபைலைப் பிரிச்சுக் காட்டினேன், இந்தாங்க பாருங்கன்னு.

பார்த்தார். சிரிச்சார். அடுத்ததைப் பார்த்தார், இட்லியைக் கீழ வெச்சுட்டுச் சிரிச்சார். கடற்கரை வாரம் வந்ததும் கண்ணுல தண்ணி வந்துடுச்சு மனுஷனுக்கு. அவருக்குத் தமிழ் ஒரு எழுத்துத் தெரியாது. தெரியாமலே இப்படிச் சிரிக்கிறாரே, தெரிஞ்சா இன்னும் எப்படிச் சிரிப்பார்னு நான் ஒவ்வொரு வசனத்தையும் இங்கிலீஷ்ல பெயர்த்துச் சொன்னேன். விதியின் கரங்கள், காலைப் பொழுதின் கோப்பை, எல்லாம். சிரிப்பு நின்னுடுச்சு. ஆழமா யோசிக்கிறார் போலன்னு நானும் விடாம சொல்லிக்கிட்டே போனேன். கடிகாரத்தைப் பார்த்தார். “வெரி டீப், மிஸ்டர் லிங்கம்”னார்.

வெரி டீப். ஒரு பம்பாய்க்காரர் வாயால. அதை நான் இன்னும் மறக்கல.

அவர் போய் ரெண்டு மாசம் கழிச்சு முதலாளிக்குத் தகவல் வந்துச்சு. தலால் அந்த ஃபைலை அமெரிக்காவுக்கே அனுப்பிட்டார். வரைஞ்சவன் பார்த்து விழுந்து விழுந்து சிரிச்சானாம். தொட்டி அவனுக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சாம். இனிமே தொட்டியை அவனே போடுவானாம், உலகம் பூராவுக்கும். அப்புறம் இன்னொண்ணு. இந்தத் தொட்டி தமிழ் தெரியாத தலாலுக்கே புரிஞ்சதால, வசனம் எதுக்குன்னு கம்பெனிக்குத் தோணிடுச்சு. அடுத்த மாசத்துலேர்ந்து சுந்து, ராஜம் ரெண்டு பேரும் பேச மாட்டாங்க. பலூனே கிடையாது. ஒரே படம், அப்படியே ஜப்பானுக்கும் போகலாம், ஜெர்மனிக்கும் போகலாம், திருச்சிக்கும் போகலாம். பெயர்க்கவும் வேண்டாம், அழிக்கவும் வேண்டாம்.

புரியுதா தம்பி? என்னை ஒரு தொட்டி வெச்சு மூடிட்டானுங்க. தொட்டியைப் பத்திப் புகார் சொன்னவன் நான். எழுத்து வேலை போனது எனக்கு.

புதுப் படம் முதல் கட்டு வந்தப்ப சூசைராஜும் வந்து பார்த்தார். அவர் தொட்டிதான், அதே வளைவு, அதே விளிம்பு. கீழ அமெரிக்காக்காரன் கையெழுத்து. ரொம்ப நேரம் பார்த்துக்கிட்டே நின்னார். “செடி சரியில்ல சார். இந்தச் செடிக்கு இலை எதிரெதிரா வரணும்”னார். அவ்வளவுதான். அவருக்கென்ன, உணர்ச்சியில்லாத ஆளு. அந்த மாசத்தோட அவருக்கும் ஆபீஸ்ல வேலை இல்லேன்னுட்டாங்க. மறுபடியும் போர்டு எழுதப் போயிட்டார். கையில தொழில் இருக்கிறவனுக்குக் கவலையே இல்ல பாருங்க.

நான் அப்படி விடறவனா? சூசைராஜ் போறதுக்கு முன்னாடி, கடைசியா வசனத்தோட வர வேண்டிய படம் ஒண்ணு பாக்கி இருந்துச்சு. மாசக் கடைசி. சுந்து விளக்கை அணைச்சுட்டுப் படுக்கிறான், ‘குட் நைட்’ங்கறான். பெரிய பலூன். அன்னிக்கு மத்தியானம் சாப்பிடக்கூடப் போகாம உக்காந்து எழுதினேன். என் வாழ்க்கையில அப்படி ஒரு வரி நான் எழுதினதில்ல. சொல்றேன், கேளுங்க. ‘வாசகப் பெருமக்காள், ஆறாண்டுகளாக எங்கள் வாயில் பேசியவன் கோ. வைத்திலிங்கம் என்னும் தமிழன். தமிழுணர்வற்ற நம் பத்திரிகை முதலாளி நாலு காசுக்காக அவனை ஊமையாக்கினார், அவரை முருகன் கேட்பான்.’

மறுநாள் காலையில அது மஞ்சள் தடவி முருகன் முன்னாடி போய் உக்காரணும். முதலாளியம்மா கற்பூரத்தோட வந்து படிக்கணும். அதுதான் என் கணக்கு.

சூசைராஜ்கிட்டக் கொடுத்தேன். ஒரு எழுத்துக் குறையக் கூடாதுன்னேன். அவர் படிச்சார். மறுபடியும் படிச்சார். “சார், தையில பொண்ணு கல்யாணம் வெச்சிருக்கீங்க”ன்னார். “அதுக்கும் இதுக்கும் என்னய்யா சம்பந்தம்?”னேன். “ஒண்ணுமில்ல சார்”னுட்டுப் பிரஷ்ஷை எடுத்தார்.

மறுநாள் பேப்பரைப் பிரிக்கிறேன். சுந்து படுத்திருக்கான். விளக்கு அணைஞ்சிருக்கு. பலூன் இருக்க வேண்டிய இடத்துல தொட்டி. இதுவரைக்கும் வரைஞ்சதுலயே பெரிய தொட்டி. என் வரி, என் முருகன், எல்லாம் அதுக்குப் பின்னாடி போயிடுச்சு. அதாவது பரவாயில்ல. தொட்டி மேல, மண்பாண்டத்துல குயவன் பேரு போடற மாதிரி, ‘கோ. வைத்திலிங்கம்’னு எழுதியிருக்கான்.

முதலாளி கூப்பிட்டார். சூசைராஜும் நிக்கிறார். “இது என்ன பேரு?”

“தொட்டி செய்யற கடை பேருங்கய்யா. தொட்டின்னா ஏதாவது ஒரு கடை பேரு இருக்கும்ல, கற்பனையாப் போட்டேன். ஒரு அழகுக்கு.” சொல்லிட்டு என் பக்கமே திரும்பல.

முதலாளி என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். “விளம்பரம்னா காசு வாங்கணும்டா”ன்னு சொல்லிட்டுப் போயிட்டார். அன்னிக்கு மத்தியானமே ரெண்டு மூணு பேர் ஆபீசுக்கு வந்து, வைத்திலிங்கம் தொட்டிக் கடை எங்க இருக்கு, மொத்தமா வாங்கினா குறைப்பாங்களான்னு கேட்டாங்க. என் மாமனாரும் பார்த்துட்டார். கமலவேணி கத்தரிச்சு அனுப்பியிருக்கா, எனக்குத் தெரியாம. ‘மாப்பிள்ளை ஆபீஸ் வேலையோட வியாபாரமும் ஆரம்பிச்சுட்டாரா, சந்தோஷம்’னு சொல்லியனுப்பினார். மானம் போச்சு. ஒரு எழுத்தாளனைத் தொட்டிக் கடைக்காரன் ஆக்கிட்டான்.

அதுக்கப்புறம் சூசைராஜ்கிட்ட நான் ஒரு வார்த்தை பேசினதில்ல. பொண்ணு கல்யாணத்துக்கு, கூப்பிடாமலே வந்து, வாசல்ல போர்டு எழுதி வெச்சுட்டுப் போனார். நல்லாத்தான் எழுதியிருந்தார். சாப்பிடச் சொல்லி நான் சொல்லல, அவரும் நிக்கல. நான் வரி விளம்பரப் பகுதியில உக்காந்து ‘மணமகள் தேவை’, ‘வீடு வாடகைக்கு’ன்னு எழுதி ரிட்டயர் ஆனேன். போன வருஷம் அவர் செத்துட்டார்னு யாரோ சொன்னாங்க. நான் போகல. முழங்கால் வலி.

என்ன யோசிக்கிறீங்க?

அந்த வரி அப்படியே வந்திருந்தா என்ன ஆயிருக்கும்னா கேட்கறீங்க? என்ன ஆயிருக்கும், தமிழ்நாடு பூரா என் பேரு தெரிஞ்சிருக்கும். சரி, திருச்சி ஜில்லா பூரா. சரி, வேலை போயிருக்கும்தான். அன்னிக்கே சீட்டைக் கிழிச்சிருப்பார். பென்ஷனும் இருந்திருக்காது. கல்யாணம் வேற... மாப்பிள்ளை வீட்ல உத்தியோகத்தைத்தானே முதல்ல கேட்டாங்க. சரி, அதை விடுங்க. நீங்க பத்திரிகை ஆபீஸ்ல இருந்தவர் இல்ல தம்பி. உங்களுக்கு அதெல்லாம் புரியாது. கிண்டல்தான் அது. கிண்டல் இல்லாம வேற என்ன?

நார்த்தாமலை தாண்டிடுச்சு பாருங்க.

பெரிசா எழுதியிருந்தார், அதை மட்டும் சொல்லணும். ஆறு வருஷமா என் வசனத்தையெல்லாம் எறும்பு மாதிரி எழுதின மனுஷன். பேரை மட்டும் கல்யாண போர்டு மாதிரி, நல்லாத் தடிச்ச எழுத்துல. இனிஷியலுக்குப் பக்கத்துல புள்ளியெல்லாம் வெச்சு. கமலவேணி கண்ணாடி போடாமலே படிச்சா.

அந்தத் தொட்டியை இப்படிக் கொடுங்க தம்பி, நான் மடியில வெச்சுக்கறேன். ரொம்ப நேரமா நீங்களே வெச்சிருக்கீங்க, கை வலிக்கும்.